கரன்ட் போனாலும் மறக்காது!

ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மனசில் பதிந்துவிடுகிறது. காரணம், மூளை செல்களுக்கு நடுவே இருக்கும் ‘சினாப்ஸ்’ இணைப்புகள் ஒவ்வொரு முறையும் வலுவாவதுதான். நினைவில் வைப்பதும் யோசிப்பதும் அங்கே ஒரே இடத்தில் நடக்கின்றன. இத்தனைக்கும் மூளைக்குத் தேவை சுமார் 20 வாட். ஒரு குண்டு பல்பைவிடக் குறைவு!

கம்ப்யூட்டரில் மெமரி ஓரிடம், பிராசஸர் வேறிடம். இரண்டுக்கும் நடுவே தகவல்கள் ஓயாமல் போய்வருவதிலேயே ஏராளமான மின்சாரம் கரைகிறது. ஏ.ஐ. வந்தபிறகு இது பெரிய தலைவலி.

இதற்குத் தீர்வாக விஞ்ஞானிகள் நம்புவது ‘மெம்ரிஸ்டர்’. தன் வழியே எவ்வளவு மின்சாரம் ஓடியதோ, அதற்கேற்ப மின்தடையை மாற்றிக்கொள்ளும். கரன்ட் போனாலும் அதை மறக்காது.

இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1971-ல் கணக்குப் போட்டுச் சொன்னார் அமெரிக்கப் பேராசிரியர் லியோன் சுவா. 37 வருடங்கள் கழித்து, 2008-ல் டைட்டானியம் டை ஆக்ஸைடு படலத்தில் அதைச் செய்து காட்டியது ஹெச்.பி. ஆய்வகம். 2024-ல் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. குழு, 16,500 நிலைகளில் தகவலைப் பதியும் மெம்ரிஸ்டரை உருவாக்கியது. வழக்கமான டிஜிட்டல் ஸ்விட்ச்சுக்கு ஆன், ஆஃப் என இரண்டே நிலைகள்தான்!

கோடிக்கணக்கான மெம்ரிஸ்டர்களை ஒரே மாதிரி நடந்துகொள்ள வைப்பதுதான் இன்னும் சவால். அது கைகூடினால், தொலைதூர டேட்டா சென்டரைக் கேட்காமல் நம் கையிலிருக்கும் போனே யோசிக்கும்!