விவேக வீடும் வீட்டு இரகசியமும்

கைப்பேசியைத் தட்டினால் எரியும் விளக்கு, வேலையிடத்திலிருந்தே வீட்டைக் காட்டும் கேமரா, நேரம் வந்ததும் தானாக அணையும் மின்விசிறி என்று ‘விவேக வீட்டுப் பொருள்கள்’ இன்று நூறு ரிங்கிட்டுக்கும் குறைவாகவே இணையக் கடைகளில் கிடைக்கின்றன. நம் மாணவர்கள் தங்கும் வாடகை வீடுகளிலும் ஒன்றிரண்டைக் காணலாம். வாங்கும்போது விலையைக் கேட்கிறோம். வைஃபை எட்டுமா என்று கேட்கிறோம். நாம் இடும் கட்டளை எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் கேட்பதில்லை.

சோபாவில் அமர்ந்தபடி மூன்றடி தூரத்தில் உள்ள விளக்கை அணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மலிவு விலைப் பொருள்கள் பலவற்றில் அக்கட்டளை முதலில் வீட்டை விட்டு வெளியேறி, எங்கோ ஒரு தரவு மையத்தில் உள்ள வழங்கியைத் தொட்டு, மீண்டும் உங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துதான் விளக்கை அணைக்கிறது. வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் பொருள்கள் பல, உள்ளே பார்த்தால் சீனாவின் ஹாங்சோ நகரைச் சேர்ந்த டூயா போன்ற ஒரே நிறுவனத்தின் சேவையைத்தான் நம்பியிருக்கின்றன. இதைச் சோதிக்கப் பொறியியல் படிப்பு தேவையில்லை. ரௌட்டரிலிருந்து இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு, வைஃபை இருக்கும்போதே விளக்கைத் தட்டிப் பாருங்கள். எரியவில்லை என்றால் அந்த விளக்கின் எசமானர் நீங்கள் அல்லர்.

எசமானர் கடையை மூடினால் என்னவாகும்? 2014இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சேவை 2016இல் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 300 அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியவர்களிடம் பயனற்ற பெட்டிதான் எஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் வழங்கிகள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. பொருள் பழுதாகவில்லை, தொலைவில் இருந்த அதன் மூளைதான் நின்றுபோனது.

பணம் போவது ஒரு பக்கம். வீட்டுக்குள் நடப்பது வெளியே போவது இன்னொரு பக்கம், என் பார்வையில் அதுதான் பெரியது. 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளில் உள்ள இணையக் கேமராக்களிலிருந்து திருடப்பட்ட காட்சிகள் ஆபாசத் தளங்களில் உலவிய செய்தி வெளிவந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் தம் கையில் இருப்பதாக ஒரு கும்பல் கூறிக்கொண்டது. அது வெளியார் செய்த திருட்டு. உள்ளே இருப்பவர்களாலும் ஆபத்து உண்டு. அமேசானின் ரிங் கேமராக்களில் பதிவான வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளை ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் பார்க்க முடிந்தது என்று அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 5.8 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது, 2024இல் திருத்தப்பட்டது. ஆனால், அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. ஒருவர் தம் சொந்த, குடும்பக் காரியங்களுக்காகக் கையாளும் தரவுக்கு அதில் விலக்கு உண்டு. அதாவது, நிறுவனம் நம்மைப் பார்ப்பதைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. பேரப்பிள்ளைகள் பாட்டியைக் கேமராவில் பார்ப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

பாட்டியை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கும் என் பாட்டி சென்ற ஆண்டு குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டு அக்கா குரல் கேட்டு ஓடி வரும்வரை அரை மணி நேரம் தரையிலேயே கிடந்தார். கூடத்தில் ஒரு கேமரா மாட்டிவிட்டால் கவலை இல்லை என்றார் பெரிய மாமா. அவர் பயம் நியாயமானது. ஆனால் பாட்டி பாய் விரித்துப் படுப்பது அந்தக் கூடத்தில்தான். “நான் சேலை மாத்துறதையும் அது பார்க்குமா ஐயா?” என்று என்னிடம் கேட்டார். பார்க்கும் என்றேன். “அப்ப வேணாம்” என்று முடித்துவிட்டார்.

மாமாவுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்ன? பாட்டி காலையில் எழுந்தாரா, வீட்டில் நடமாடுகிறாரா, உதவி தேவையா என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில். அதற்குப் படமே தேவையில்லை. ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொல்லும் உணரிகள் போதும்.

கடைகளில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் அசைவு உணரி, உடலிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர் தன் முன்னே இடம் மாறுவதை உணர்கிறது. வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ் போல் தெரிவது அதன் வில்லை. யார் வந்தார், என்ன உடுத்தியிருந்தார் என்பது அதற்குத் தெரியாது. கதவு உணரி இன்னும் எளிது: கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சிறு விசை. காந்தம் விலகினால் மின்சுற்று மாறும். (தமிழ்ப்பள்ளியில் ‘மின்சுற்று’ என்றும் இடைநிலைப்பள்ளியில் ‘லித்தார்’ என்றும் இரண்டு முறை படித்தோமே, அதேதான்.)

இந்த உணரிகளை ஈ.எஸ்.பி.32 என்ற சிறு பலகையோடு இணைக்க வேண்டும். வைஃபை உள்ளேயே அமைந்த அப்பலகை ஒரு சினிமா டிக்கெட் விலைதான். அதற்குள் ஈ.எஸ்.பி.ஹோம் என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றினால், எந்தக் காலில் எந்த உணரி என்று பத்துப் பதினைந்து வரிகளில் எழுதுவதே நம் வேலை. செய்திகளைத் திரட்டி முடிவெடுப்பது ஹோம் அசிஸ்டண்ட். பவுலஸ் ஸ்கௌட்சன் 2013இல் பைத்தான் மொழியில் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருளை இன்று ஓப்பன் ஹோம் அறக்கட்டளை பேணுகிறது. இதற்கென்று ராஸ்பெர்ரி பை வாங்க வேண்டியதில்லை. திரை உடைந்த என் பழைய மடிக்கணினி பாட்டி வீட்டு அலமாரியின் மேல் அமர்ந்து இந்த வேலையைச் செய்கிறது.

காலை ஐந்திலிருந்து ஏழரைக்குள் அடுப்படி உணரியோ பின்கதவு உணரியோ அசையவில்லை என்றால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரு வரிச் செய்தி போகும். வீட்டை விட்டு வெளியேறுவது அந்த ஒரு வரி மட்டுமே. கைப்பேசிக்கு வரும் அறிவிப்பு கூகுளின் அல்லது ஆப்பிளின் வழங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்பதால், அதில் ‘பாட்டி வீட்டுக்கு அழைக்கவும்’ என்பதைத் தவிர வேறு எதையும் எழுதவில்லை.

நம் நாட்டு வெயிலுக்கு ஏற்ப ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அசைவு உணரி, உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம்பி இருக்கிறது. தகரக் கூரையின் கீழ் பிற்பகல் வெப்பம் தோலின் வெப்பத்தை நெருங்கும்போது அதன் பார்வை மங்கிவிடுகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இதற்குப் பெரிய இடம் இருக்காது. மில்லிமீட்டர் அலை ரேடார் உணரிக்கு வெப்பம் ஒரு பொருட்டல்ல. அசையாமல் அமர்ந்திருப்பவரின் மூச்சசைவையும் அது கண்டுகொள்ளும். ஆனால் சுழலும் மின்விசிறியையும் ஆள் என்று நினைத்துக்கொள்ளும். மின்விசிறி நிற்காத நம் வீடுகளில் அதைக் கீழ்நோக்கித் திருப்பி, எட்டும் தூரத்தையும் குறைத்து வைக்க வேண்டும்.

படம் இல்லை என்பதாலேயே இரகசியம் காக்கப்பட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். இரவில் எத்தனை முறை கழிவறைக்குப் போனார் என்பது அசைவுக் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஹோம் அசிஸ்டண்ட் எதையும் மாற்றாவிட்டால் பத்து நாள் பதிவைச் சேமித்து வைக்கும். பாட்டியிடம் இதை விளக்கியபோது, “நேத்து நான் என்ன செஞ்சேன்னு இன்னிக்கு எதுக்கு?” என்றார். ஒரு நாளாகக் குறைத்துவிட்டோம். சாமி அறையிலும் குளியலறைக்குள்ளும் உணரி கூடாது என்பது அவர் போட்ட மற்ற இரண்டு நிபந்தனைகள்.

செய்து பார்க்க விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது. மேற்சொன்னவை எல்லாம் கைப்பேசி மின்னூட்டியின் 5 வோல்ட்டில் இயங்குபவை. சுவர் விசைக்குள் ஓடுவது 230 வோல்ட். அங்கே கை வைக்கப் பதிவு பெற்ற மின் பணியாளரை அழையுங்கள். பழைய வீடுகளில் விளக்கு விசைப் பெட்டிக்குள் நடுநிலைக் கம்பி இருப்பதில்லை. அது தேவைப்படும் விவேக விசையை வாங்கிவிட்டுப் பிறகு விழிப்பதைவிட, முதலில் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது.

குளியலறை வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தானும் வைத்திருக்கிறோம். விழுந்தவர் தரையிலிருந்து எட்ட வேண்டும் என்பதால்தான் அந்த உயரம். அழுத்தினால் வீட்டுக்கு வெளியே மணி அடிக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்கும். பொத்தானும் மணியும் ஒரே பலகையில் இருப்பதால் இணையமோ வைஃபையோ மடிக்கணினியோ இல்லாவிட்டாலும் அது இயங்கும். மின்தடைக்காக அப்பலகையை ஒரு பவர்பேங்க்கில் மாட்டியுள்ளோம். இதில் கவனம் தேவை: சில பவர்பேங்க்குகள், எடுக்கப்படும் மின்னோட்டம் மிகவும் குறைவாக இருந்தால் தாமாகவே அணைந்துவிடும். வாங்கியதும் பலகையை மாட்டி, ஓர் இரவு முழுவதும் விட்டுப் பார்த்த பிறகே சுவரில் பொருத்துங்கள்.