காலடியில் 22 குண்டுகள்

ஆவடியில் வேலை பார்த்தபோது டி-72 டாங்கிக்குள் இறங்கினால், ஆறடி ஆளான எனக்கு முழங்காலை எங்கே வைப்பதென்றே தெரியாது. குண்டு நிரப்ப உள்ளே ஆள் கிடையாது, இயந்திரமே நிரப்பும். மூன்றே பேர், அதனால் உருவம் குள்ளம், எடை சுமார் 41 டன். குறிவைப்பவனுக்குத்தான் கஷ்டம்.

ஆனால் அந்த இயந்திரத்தின் வட்டத் தட்டில் 22 குண்டுகள், வீரர்களின் காலடியிலேயே. மிச்சத்தை அவர்களைச் சுற்றிச் செருகியிருப்பார்கள். கவசம் துளைபட்டு மருந்து பற்றிக்கொண்டால் மேல்கோபுரமே பிய்த்துக்கொண்டு பறக்கும். 2022-இல் உக்ரைனிலிருந்து வந்த படங்களில் பார்த்தோமே!

அமெரிக்காவின் ஆப்ராம்ஸில் பெரும்பாலான குண்டுகள் கோபுரத்தின் பின்னறையில், கனத்த கதவுக்கு அந்தப் பக்கம். வெடித்தால் கூரைத் தகடு கழன்று தீ மேலே போய்விடும். அதற்கு விலை, 60 டன்னுக்கு மேல் எடை, நாலாவது ஆள். உட்காரச் சொன்னால் ஆப்ராம்ஸில்தான் உட்காருவேன்; பழைய பாலத்தைக் கடக்க மட்டும் கூப்பிடாதீர்கள்.