அமெரிக்காவுல காமெடி பீஸ்... ஒரே வாரன்ட்டியில் நிமிர்ந்த ஹூண்டாய்!

1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியில் இருந்து சான்ட்ரோ வந்தப்போ, நம்ம ஊரே கொண்டாடுச்சு. ஆனா, அதே சமயம் அமெரிக்காவுல ஹூண்டாய்னாலே சிரிப்புதான். ஏன் தெரியுமா?

தென்கொரியாவின் சுங் ஜூ யுங் 1967-ல் தொடங்கிய கம்பெனி இது. 1975-ல் முதல் சொந்த மாடலான ‘போனி’யைத் தயாரிச்சாங்க. 1986-ல் ‘எக்ஸெல்’ காரோடு அமெரிக்காவுல இறங்கினாங்க. ஆரம்ப விலை வெறும் 4,995 டாலர்! முதல் வருஷமே 1.68 லட்சம் கார்கள் வித்துத் தீர்ந்துச்சு.

அப்புறம்தான் சிக்கலே. துரு, அடிக்கடி ரிப்பேர்னு வாங்கினவங்க நொந்துபோனாங்க. டி.வி-யிலயும் செமையா கலாய்ச்சாங்க.

போன பேரை மீட்க, 1999 மாடல்ல இருந்து இன்ஜின், கியர்பாக்ஸுக்கு 10 வருஷம் அல்லது 1 லட்சம் மைல் வாரன்ட்டி கொடுத்தாங்க. கார் பழுதானா செலவு கம்பெனி தலையில. அதனால தரத்தைக் கூட்டியே ஆகணும். கூட்டினாங்க! 2004-ல் ஜே.டி.பவரின் புது கார் தர ஆய்வுல, ஹோண்டாவோடு இரண்டாவது இடத்தைப் பகிர்ந்துக்கிட்டாங்க.

அதுக்காகக் குறையே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. இன்ஜின் கோளாறால 2015-ல் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்களை அமெரிக்காவுல திரும்ப அழைச்சாங்க.

இன்னொரு விஷயம், அங்கே அந்த 10 வருஷ வாரன்ட்டி முழுசா முதல் ஓனருக்கு மட்டும்தான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா 5 வருஷம், 60,000 மைல்தான். நம்ம ஊர் வாரன்ட்டி கணக்கு வேற. ஆனா, எந்த கம்பெனி காரா இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: “வாரன்ட்டி என் பேருக்கு மாறுமா?”