மூலையில் நின்ற வீரர்

சென்ற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, சம்பளம் வாங்கிய கையோடு நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மைக் காண வந்தார். மங்கலத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். ஒன்றரை ஷிப்டு முடித்த களைப்பு முகத்தில் தெரிந்தது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் மகனைப் பற்றி முறையிட்டார்.

"சாமி, ஓவர்லாக் ஓட்டிப் பழகுடான்னா கேக்கமாட்டேங்கிறான். பொழுது சாஞ்சா கபடிக் களத்துக்கு ஓடிடறான். அதிலேயும் பாடிப்போய்ப் பேர் வாங்கறவனா? மூலையிலே நின்னு காலைப் பிடிக்கிறவனாம். காலைப் பிடிச்சா சோறு கிடைக்குமா? நீங்கதான் புத்தி சொல்லணும்."

சொல்கிறோம் என்று வாக்களித்தோம். மறுநாள் திருப்பலி முடிந்ததும் அந்தப் பிள்ளையை அழைத்துப் பேசினோம். புத்தி சொல்லத் தொடங்கிய நாம், அரைமணி நேரம் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது. அவன் சொன்னதெல்லாம் ஒரே மனிதரைப் பற்றி: தர்மராஜ் சேரலாதன். பின்னர் நாமே படித்தும், பழைய ஆட்டங்களைப் பார்த்தும் அறிந்துகொண்டதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் அந்த மூலையைப் பற்றிச் சொல்லவேண்டும். எதிரணியிலிருந்து ஒருவர் பாடி வருகையில், எழுவர் ஒருவர் கையை ஒருவர் பற்றி வளைந்து நிற்கின்றனர். வரிசையின் இரு கோடியிலும் நிற்போரையே 'கார்னர்' என்கிறார்கள். பாடி வருபவருக்கு முப்பது விநாடி அவகாசம். அவர் போனஸ் கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறக் காலை நீட்டும் கணத்தில், கார்னர் பாய்ந்து கணுக்காலைப் பற்றவேண்டும். அரை விநாடி முந்தினால், பாடுபவர் இவரைத் தொட்டுவிட்டு ஓடிவிடுவார். புள்ளியும் போகும், இவரும் வெளியேறவேண்டும். அரை விநாடி பிந்தினாலோ கால் கைக்கு அகப்படாது. அமெரிக்கர் ஆடும் கால்பந்திலும் (பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டத்துக்கு அப்படியொரு பெயர்!) ஓரத்தில் தனித்து நின்று எதிரணியின் வேகமான ஓட்டக்காரரைக் காப்பவருக்குக் 'கார்னர்பேக்' என்று பெயராம். அவர் பத்து முறை தடுத்தால் யாரும் பேசுவதில்லை. ஒருமுறை தவறினால் அரங்கமே அவரைத்தான் பார்க்கும். நம் மூலைக்காரரின் நிலையும் அதுவே.

சேரலாதன் தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் 1975ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய உடன்பிறந்தவரான கோபுவும் கபடி வீரரே. அவர்கள் வளர்ந்த நாளில் இந்த ஆட்டத்தில் பணம் என்பதே கிடையாது. பொங்கல் விழாக்களில் ஊர் ஊராகப் போய் ஆடுவார்கள். முழங்காலும் முழங்கையும் மண்ணில் உராய்ந்து தோல் உரியும். ஒரு கோப்பையும் சிறு ரொக்கமும் கிடைக்கும். மிகவும் திறமையுள்ளவருக்கு இரயில்வேயிலோ காவல்துறையிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் உத்தியோகம் வாய்க்கலாம். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தென்பாண்டிச் சீமையின் மணத்தி கணேசன் இருந்தார். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருதும் பெற்றார். ஆயினும் தெருவில் நடந்து போனால் இத்தகைய வீரர்களை எத்தனை பேருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்?

தொழில்முறைப் போட்டியான புரோ கபடி 2014 ஜூலையில் தொடங்கியது. அப்போது சேரலாதனுக்கு வயது முப்பத்தொன்பது! மற்றவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பயிற்சியாளராகும் வயதில்தான் இவருக்கு மேடையே போடப்பட்டது. பெங்களூரு அணியில் இறங்கினார். 2016இல் பாட்னா அணியின் தலைவரானார். பீகாரின் அணிக்குத் தஞ்சைத் தமிழர் தலைவர்! அந்த அணியில் பாடிச் சென்று புள்ளிகளைக் குவித்தவர் பர்தீப் நர்வால் என்னும் பத்தொன்பது வயது அரியானா இளைஞர். தலைவருக்கோ நாற்பத்தொன்று. தமிழ் அறியாத வடநாட்டுப் பிள்ளைகளும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். 2016 ஜூலை 31ஆம் நாள் ஐதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூரை 37–29 என்று வென்று கோப்பையைப் பெற்றனர்.

அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. இந்திய அணியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. தொடக்க ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32–34 என்று இந்தியா தோற்றது; இறுதியாட்டத்தின் இடைவேளையில் ஈரான் முந்தி நின்றது. முடிவில் 38–29 என்று கோப்பை நம் நாட்டுக்கே வந்தது.

அதன்பின் புனே, மும்பை என அணிகள் மாறின. 2019இல் அரியானா அணிக்குத் தலைவர். கபடியைத் தாய்ப்பாலோடு பருகுவதாகச் சொல்லப்படும் அரியானாவில், நாற்பத்துநான்கு வயதுத் தமிழரைத் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். நாற்பத்தாறாம் வயதிலும் ஜெய்ப்பூர் அணியில் இருந்தார். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் எடுத்துக்காட்டுகிறார். சடுகுடு அவர் கண்ணில் பட்டிருந்தால் மூலைக்காரரையும் விட்டிருக்கமாட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் அறிந்தபின் அந்தத் தாய்க்கு நாம் என்ன சொல்வது? எல்லாப் பிள்ளைகளும் சேரலாதன் ஆவார்கள் என்று சொன்னால் அது பொய். ஒரு தவறான விழுகையில் முழங்காலின் தசைநார் அறுந்துபோனால் களமும் இல்லை, தறியும் இல்லை. அன்றியும், 2014க்கு முன் ஆடி முடித்த எத்தனையோ வீரர்கள் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் களத்தை அடைத்துவிட்டால் அந்தப் பிள்ளை மாலை நேரத்தில் எங்கே போவான்? சம்பள நாளில் நம் இளைஞர் பலர் போகும் இடம் எதுவென்று இப்பகுதிப் பெற்றோருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. களத்துக்குப் போகிறவன் மறுநாளும் ஆடவேண்டுமே என்று குடிக்க அஞ்சுகிறான், நேரத்தோடு உறங்குகிறான்.

ஆகவே இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினோம். மகன் ஒரு ஷிப்டு ஓவர்லாக் பழகவேண்டும். அரை ஷிப்டை அம்மா அவனுக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். அந்த அரை ஷிப்டின் கூலி சிறிதன்று. வாடகை வீட்டுக்காரருக்கு அது பெருந்தொகை. தாய் நீண்ட நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாஸ்கா வரைக்கும் பார்க்கிறேன், சாமி" என்று சொல்லிப் போனார்.

2017இல் தமிழகத்துக்கென ஓர் அணி தோன்றியபோது சேரலாதன் புனேயில் ஆடிக்கொண்டிருந்தார். 2024இல்தான் தமிழ் தலைவாஸ் அணிக்கு வியூகப் பயிற்சியாளராக வந்தார். இச்செய்தியை நமக்குச் சொன்னவனும் அந்தப் பிள்ளையே. பாஸ்கா கடந்து வாரங்கள் பலவாயின. தாய் இன்னும் நம்மிடம் முறையிட வரவில்லை. போன ஞாயிறு கோயில் வாசலில் அவரைக் கண்டு, ஆட்டம் பார்க்கப் போனீர்களா என்று கேட்டோம்.

"ஒருநாள் போனேன் சாமி. மூணு தடவை விட்டுட்டான். நாலாவது தடவை பிடிச்சான்."