பிரெஞ்சு அங்கதச் சித்திர இதழ்கள்: சேகரிப்பும் வரலாற்றுச் சான்றும்

பழைய சஞ்சிகைகளைச் சேகரிப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவ்வெண்ணத்திலே ஓரளவு உண்மையும் இல்லாமலில்லை. எனினும், 19ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸிலே தோன்றிய அங்கதச் சித்திர இதழ்களைப் பொறுத்தவரையில், எதனைச் சேகரிப்பது, எந்த வடிவிலே பேணுவது என்னும் வினாக்கள் வெறும் இரசனையோடு அமைந்துவிடுவன அல்ல. சித்திரத்தைத் தனித்தாளாகச் சேகரிப்பவரிடம் ஓர் ஓவியம் எஞ்சுகிறது. இதழை முழுமையாகச் சேகரிப்பவரிடம் ஒரு போராட்டத்தின் பதிவு எஞ்சுகிறது. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1830 ஜூலைப் புரட்சி லூயி பிலிப்பை அரியணை ஏற்றியது. பத்திரிகைச் சுதந்திரத்தை உறுதியளித்து வந்த அவ்வாட்சி, விரைவிலேயே வங்கியாளரதும் பெருஞ்செல்வரதும் ஆட்சியாக இனங்காணப்பட்டது. இச்சூழலிலேதான் ஷார்ல் பிலிப்போன் 1830 நொவெம்பர் 4ஆந் திகதி ‘லா கரிகத்யூர்’ என்னும் வார இதழையும், 1832 டிசெம்பர் 1ஆந் திகதி ‘ல ஷரிவாரி’ என்னும் நாளிதழையும் தொடக்கினார். இவற்றுக்குத் தொழில்நுட்ப அடிப்படையாய் அமைந்தது கல்லச்சு முறையாகும். செப்புத் தகட்டிலே செதுக்குவதற்கு நெடுநாள் வேண்டும். கல்லச்சிலோ ஓவியர் எண்ணெய்ப்பசை கொண்ட கோலால் நேரே கல்லில் வரைந்துவிடலாம். அன்றாட அரசியல் நிகழ்ச்சிக்கு உடனுக்குடன் சித்திரத்தால் விடை கூறுவது இதனாலேயே இயல்வதாயிற்று.

அரசு வழக்குகளால் எதிர்த்தாக்கியது. மன்னரை அவமதித்ததாக 1831 நொவெம்பரில் விசாரிக்கப்பட்ட பிலிப்போன், மன்னரின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை நான்கு சித்திரங்களால் காட்டி, பேரிக்காய் வரைவதும் குற்றமாகுமோ என வாதிட்டார். தண்டனையிலிருந்து அவர் தப்பவில்லை. ஆனால் பேரிக்காய் எதிர்ப்பின் குறியீடாக நாடெங்கும் பரவியது. ஒனொரே தோமியே ‘கர்கந்துவா’ என்ற சித்திரத்துக்காக 1832இல் சிறை சென்றார். அபராதங்களைச் செலுத்துவதற்கென மாதந்தோறும் பெரிய சித்திரமொன்றைச் சந்தாதாரருக்கு அளிக்கும் திட்டமொன்றும் நடைபெற்றது. பாரிஸின் திரான்ஸ்நொனைன் வீதியிலே படையினர் வீடொன்றுட் புகுந்து குடியிருந்தோரைக் கொன்ற 1834 ஏப்ரல் நிகழ்வைத் தோமியே வரைந்தது இத்திட்டத்துக்காகவே. 1835 செப்டெம்பர்ச் சட்டங்கள் அச்சிடும் சித்திரங்களுக்கு முன்னனுமதியைக் கட்டாயமாக்கின. எழுத்துக்கு அத்தகைய முன்னனுமதி விதிக்கப்படவில்லை. எழுத்தறியாதவரையும் சித்திரம் எட்டும் என்ற அச்சமே இதற்குக் காரணமெனலாம். ‘லா கரிகத்யூர்’ அவ்வாண்டிலேயே நின்றது.

இனிச் சேகரிப்புக்கு வருவோம். தோமியே பெருங்கலைஞராக ஏற்கப்பட்டதன் பின்னர், வணிகர்கள் கட்டப்பட்ட தொகுதிகளைப் பிரித்துச் சித்திரங்களைத் தனித்தனியே விற்கலாயினர். ‘ல ஷரிவாரி’யிலே சித்திரத் தாளின் மறுபக்கத்தில் செய்தியும் விமரிசனமும் அச்சாகியிருக்கும். பின்புறம் வெறுமையான, தரமிக்க தாளில் எடுக்கப்பட்ட பிரதிகளையே கலைச்சந்தை உயர்வாக மதிக்கிறது. அச்சுத் தெளிவு கருதி இது நியாயமாகலாம். ஆயினும், எழுத்து இல்லாமையே விலையை உயர்த்துகிறது என்பது சிந்திக்கத்தக்கது. நாளிதழின் ஓர் உறுப்பு இங்கே அதன் நாளையும் வாதத்தையும் இழந்து பண்டமாகிறது. இதற்குத் தக்க சான்றொன்று உண்டு. தனக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்பை வெளியிடுமாறு பணிக்கப்பட்ட ‘ல ஷரிவாரி’, 1834 பெப்ரவரி 27ஆந் திகதி இதழிலே அத்தீர்ப்பின் வாசகத்தையே பேரிக்காய் வடிவில் அச்சுக்கோத்து வெளியிட்டது. கல்லச்சு எதுவுமற்ற இப்பக்கமே அக்காலத்தின் கூர்மையான கேலிச்சித்திரங்களுள் ஒன்றாகும். சித்திரம் மட்டும் தேடித் தொகுதியைப் பிரிப்பவருக்கோ அது கழிவுத்தாள்.

1881 ஜூலை 29ஆந் திகதிப் பத்திரிகைச் சட்டம் சித்திரங்களுக்கான முன்தணிக்கையை நீக்கியது. அதன் பின்னர் ‘ல ரீர்’ (1894) முதலிய வண்ண இதழ்கள் பெருகின. அவற்றுள்ளே 1901 முதல் 1912 வரை வெளிவந்த ‘லாசியெத் ஓ பேர்’ தனிச்சிறப்புடையது. ‘வெண்ணெய்த் தட்டு’ எனப் பொருள்படும் அப்பெயர், பதவியால் வரும் ஆதாயத்தைச் சுட்டும் பிரெஞ்சு வழக்காகும். பெரும்பாலும் ஓரிதழ் ஒரு பொருளை, பல வேளை ஒரே ஓவியரின் கையால் ஆராயும். ஆதலின் ஒரு தாளை எடுத்தால் வாதமே அறுந்துபோகும். ழான் வெபேர் 1901 செப்டெம்பர் 28ஆந் திகதி இதழிலே, தென்னாபிரிக்காவிற் போயர் மக்களைப் பிரித்தானியர் அடைத்த முகாம்களைச் சித்திரித்தார். அவ்விதழின் ஒரு பக்கத்திலே பிரித்தானியாவைக் குறிக்கும் பெண்ணுருவின் பின்புறம் எட்வேட் மன்னரின் முகமாக வரையப்பட்டது. பின்வந்த அச்சுகளிலே அம்முகம் ஆடையால் மறைக்கப்பட்டது. வேறுபட்ட பிரதிகளை ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி, இம்மறைப்பு புலப்படாது. அதே போரிற் சிறைப்பட்ட போயர்கள் எமது தியத்தலாவையிலே தடுத்துவைக்கப்பட்டிருந்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இதழ்களைப் பேணுவோர் கருதவேண்டியவை சில உள. கந்தல் நாரால் ஆன 1830களின் தாள் பொதுவாக உறுதி வாய்ந்தது. நூற்றாண்டின் இறுதியிற் பரவிய மரக்கூழ்த் தாளோ அமிலத்தாற் பழுப்பேறி நொறுங்குவது. எனவே பிந்திய இதழ்களே விரைந்த கவனத்தை வேண்டிநிற்கின்றன. கட்டுநர்கள் மேலட்டைகளையும் விளம்பரத் தாள்களையும் அகற்றிவிடுவதுண்டு. அவை எஞ்சிய பிரதி விலை குறைந்ததாயினும் சான்றுப் பெறுமதி கூடியது. பிரான்ஸின் தேசிய நூலகம் இவ்விதழ்கள் பலவற்றை இன்று இணையத்திலே காணத்தந்துள்ளமை பெரும் பேறே. ஆயினும், ஒரு பிரதியின் படிமம் பிற அச்சுகளின் வேறுபாட்டையோ தாளின் தன்மையையோ முற்றாகக் காட்டாது.

அங்கதம் எப்பொழுதும் ஒடுக்கப்பட்டோர் பக்கமே நிற்கும் என்ற மயக்கமும் வேண்டியதில்லை. திரைபுஸ் வழக்கின்போது ஃபொரைனும் கரான் தாஷும் நடத்திய ‘ப்ஸ்ஸ்த்’ (1898-1899) யூத வெறுப்பைப் பரப்பியது. அதற்கு மறுப்பாக இபெல்ஸின் ‘ல சிஃப்லே’ எழுந்தது. முற்போக்கானவற்றை மட்டும் தெரிந்து சேர்ப்பவர், சந்தையைப் போலவே வரலாற்றைக் கத்தரிப்பவராவார். இவ்விரு இதழ்களும் அருகருகே இருக்கும் அலமாரியிலேதான் அக்காலத்தின் முரண்பாடு முழுமையாகத் தெரியும். அத்தகைய அலமாரிகளை உருவாக்குவது தனியாரின் பணத்தினால் மட்டும் ஆகக்கூடியதன்று. அது நூலகங்களதும் பல்கலைக்கழகங்களதும் கடமையுமாகும்.