மானாவாரி மேய்ச்சலுக்குக் கொழுக்கட்டைப் புல்

கொழுக்கட்டைப் புல், ஒருமுறை நிலத்தில் பிடித்துவிட்டால் பல ஆண்டுகள் நின்று மேய்ச்சல் தரும் தூர்ப்புல். தாவரவியலில் இதற்குச் சென்கிரஸ் சிலியாரிஸ் என்று பெயர். 1771இல் லின்னேயஸ் இட்டது. ராஜஸ்தானில் அஞ்சன் என்கிறார்கள், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பஃபல் புல். முழங்கால் உயரத்திலிருந்து இடுப்புயரம் வரை வளரும். கதிர் விரல் நீளமுள்ளது. சாம்பலும் கருஞ்சிவப்பும் கலந்த மென்மையான சுணைகள் மூடியிருப்பதால் தூரத்தில் பார்க்கையில் சிறு நரிவால் போலத் தெரியும். ஆப்பிரிக்காவின் வறண்ட சமவெளிகள் தொடங்கி, அரேபியா, ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வரை இது இயற்கையாகவே வளர்கிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பகுதி விவசாயிகளுக்கு இது யாரும் அறிமுகப்படுத்த வேண்டிய புல் அல்ல.

ஆண்டுக்கு 350 முதல் 750 மில்லிமீட்டர் மழை பெறும் இடங்கள் இதற்கு ஏற்றவை. அந்த மழையும் இரண்டு மூன்று மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடுவதுதான் இந்த நிலங்களின் வழக்கம். மீதி மாதங்களைக் கடக்க இந்தப் புல்லிடம் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, ஆழமான வேர்: மண் இடம் கொடுத்தால் இரண்டு மீட்டர் வரைகூட இறங்கும். மற்றொன்று, தண்டின் அடிப்பகுதி. தரையை ஒட்டி, தண்டு சற்றுப் பருத்துக் கட்டையாக இருக்கும். இலைகள் மழைக்காலத்தில் தயாரிக்கும் மாவுச்சத்தில் ஒரு பங்கு இங்கே சேமிக்கப்படுகிறது. கோடையில் இலையெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமானாலும் கட்டையில் உயிர் இருக்கும். ஒரு நல்ல மழை விழுந்ததும், வேர் புதிதாக உணவு தேடுவதற்கு முன்பே இந்தச் சேமிப்பைச் செலவழித்துக் குருத்து வெளியே வந்துவிடுகிறது. இந்தப் புல்லைப் பராமரிப்பது பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்தக் கட்டையைக் காப்பதில்தான் வந்து நிற்கும்.

மண்ணைப் பொறுத்தவரை செம்மண், மணல் கலந்த செம்மண், சரளை, சுண்ணாம்பு கலந்த நிலம் எல்லாம் சரி. தண்ணீர் தேங்கும் களிமண் மட்டும் ஆகாது. சில நாள் தேங்கினாலே இளம் பயிர் அழுகிவிடும். மணிச்சத்து மிகவும் குறைந்த நிலத்தில் முளைத்த பயிர் தேறாமல் குட்டையாகவே நிற்கும். ஆகவே அடியுரத்தில் மணிச்சத்தை விட்டுவிடக் கூடாது.

விதைதான் இந்தப் புல்லில் கொஞ்சம் தொல்லை பிடித்த விஷயம். கதிரிலிருந்து உதிர்வது வெறும் விதை அல்ல. ஒன்று முதல் நான்கு சிறுகதிர்கள் சுணைகளுக்குள் பொதிந்த ஒரு கொத்து. கை நிறைய அள்ளினாலும் எடையே தெரியாது. ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் விதைக்கும் கருவிகளில் சரியாக இறங்காது. காற்றடிக்கும் நாளில் தூவினால் பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். அதனால் ஈர மணலோடு பிசறித் தூவுவது வழக்கம். ராஜஸ்தான் பகுதிகளில் களிமண், சாணம், மணல் ஆகியவற்றோடு விதையைக் குழைத்துச் சிறு உருண்டைகளாக்கி விதைக்கிறார்கள். உருண்டை காற்றில் பறக்காது, எறும்பும் எளிதில் இழுத்துப் போகாது.

இன்னொன்று, புதிதாகச் சேகரித்த விதை உடனே முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதங்கள் வரை அது உறக்கத்தில் இருக்கும். வறண்ட நாட்டில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். பருவம் தப்பிப் பெய்யும் ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைத்துக் காய்ந்து போகாமல் இது தடுக்கிறது. விவசாயி செய்ய வேண்டியது, இந்த ஆண்டு எடுத்த விதையை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வது. அவசரமானால் ஒரு சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் 48 மணி நேரம் ஊற வைத்து விதைக்கலாம்.

விதை உருவாகும் விதமும் விசித்திரமானது. இந்தப் புல்லில் பெரும்பாலும் கருவுறுதல் நடக்காமலே விதை உண்டாகிறது. எனவே ஒவ்வொரு விதையும் தாய்ச் செடியின் நகல். 1954இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சான்றுடன் வெளியிட்டார்கள். நல்ல ரகம் ஒன்று கிடைத்தால் அது தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருக்கும் என்பது விவசாயிக்கு லாபம். ஆனால் இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்துப் புதியதை உருவாக்க நினைத்தவர்களுக்கு வழியே இல்லாமல் இருந்தது. டெக்சஸில் பால்வழி இனப்பெருக்கம் செய்யும் ஓர் அபூர்வச் செடி அகப்பட்ட பிறகுதான் கலப்பினப் பணி தொடங்க முடிந்தது. இந்தியாவில் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் 'மார்வார் அஞ்சன்' ரகத்தையும், ஜான்சியில் உள்ள புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனம் 'புந்தேல் அஞ்சன்' ரகத்தையும் தந்துள்ளன. இதன் நெருங்கிய உறவான நீலக்கொழுக்கட்டைப் புல்லில், கோ 1 என்ற ரகம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினுடையது.

தமிழ்நாட்டில் மானாவாரியாக ஆடி மழையிலோ, வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்திலோ விதைக்கலாம். நிலத்தை இரண்டு மூன்று முறை உழுது, கட்டி உடைத்து, எக்டேருக்கு 5 டன் தொழுவுரம் இட வேண்டும். எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை 50 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி. விதையை ஒன்றிரண்டு செ.மீ.க்கு மேல் ஆழமாகப் புதைக்கக் கூடாது. மேலாகத் தூவி முள்கிளையை இழுத்து மூடினாலே போதும். விதை கிடைக்காத இடத்தில் பழைய தூர்களைப் பிரித்து, மழை ஈரத்தில் நடலாம். வேலை கூடினாலும் இது ஏமாற்றாத வழி.

முதல் ஆண்டில்தான் பொறுமை தேவை. முளைத்த ஆறேழு வாரங்களுக்குக் களை முந்திக்கொள்ளும்; ஒருமுறையாவது களையெடுத்தாக வேண்டும். பச்சையைக் கண்டதும் ஆட்டை உள்ளே விட்டால் வேர் பிடிக்காத இளம்பயிர் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். முதல் பருவத்தில் புல் பூத்து, விதை உதிர்ந்த பிறகே மேய்ச்சலுக்குத் திறப்பது நல்லது. உதிர்ந்த விதை அடுத்த மழையில் முளைத்து, இடையில் விழுந்த இடைவெளிகளையும் நிரப்பிவிடும்.

அறுத்துப் போடுவதாக இருந்தால், நல்ல மழை கிடைத்த பயிரில் விதைத்த 70–75 நாளில் முதல் அறுவடை செய்யலாம். பிறகு ஈரத்தைப் பொறுத்து ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு முறை வரை அறுக்கலாம். தரையோடு வழித்து அறுப்பது பெரிய தவறு. 10 முதல் 15 செ.மீ. தாள் விட்டு அறுக்க வேண்டும். அடியில் உள்ள சேமிப்பும் அடுத்த குருத்தும் அந்த உயரத்துக்குள்தான் இருக்கின்றன. மேய்ச்சலுக்கும் இதே அளவுதான். செம்மறியாடு மாட்டைவிட ஒட்டக் கடிக்கும் என்பதால் ஆட்டுப் பட்டியை விரைவாக இடம் மாற்ற வேண்டும்.

எப்போது மேய்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். இளம் இலையில் புரதம் 10 சதவீதத்தைத் தாண்டும். கதிர் முற்றிக் காய்ந்த புல்லில் பாதிகூட இராது. காய்ந்த புல் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். இந்தக் குறையை ஈடுசெய்ய முயல் மசால் போன்ற பயறு வகைத் தீவனத்தை இடைவரிசையில் விதைப்பது நல்ல பழக்கம். அது மண்ணிலும் தழைச்சத்தைச் சேர்க்கும். இந்தப் புல்லில் ஆக்சலேட் உப்பு ஓரளவு உண்டு. மாடுகளும் ஆடுகளும் பழகிவிட்டால் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். குதிரைகளுக்கு இதையே நெடுநாள் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு நோய் வரக்கூடும்.

இவ்வளவு கடினமான புல் அயல்நாட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனா ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் மேய்ச்சலுக்காகப் பரப்பப்பட்ட இப்புல் சொனோரன் பாலைவனச் சரிவுகளில் தானாகப் படர்ந்தது. அங்கே செடிகள் தள்ளித் தள்ளி நிற்பதால் முன்பு தீ எளிதில் பரவாது. நடுவில் காய்ந்த புல் நிரம்பியதும் தீ ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவத் தொடங்கியது. தீயில் சகுவாரோ கள்ளி மடிகிறது, புல் கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கிறது. 2005இல் அரிசோனா இதைத் தீங்கான களை என்று அறிவித்தது. அங்கே தன்னார்வலர்கள் கடப்பாரை கொண்டு தூரைக் கட்டையோடு பெயர்த்து எடுக்கிறார்கள். மேலே அறுத்துப் பயனில்லை.

கொங்குப் பகுதியின் கொறங்காடுகளில் இதே புல் பல தலைமுறைகளாகக் கட்டுக்குள் இருக்கிறது. சில ஏக்கர் கொண்ட நிலத்தைச் சுற்றி முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்த ஏற்பாட்டில்தான். வெள்வேலங்காய் உதிரும் மாதங்களில் ஆடுகளுக்கு அதுவும் தீனி. வேலி இருப்பதால் ஒரு காட்டை மூடிவைத்து, மற்றொன்றில் மேய்க்க முடிகிறது. புல் தேறியதும் மாற்றுகிறார்கள். மாடில்லாதவர்கள் காட்டைக் குத்தகைக்கு விடுவதும் உண்டு.

ஆண்டுகள் செல்லச் செல்லத் தூர்கள் கிழடு தட்டும். நடுப்பகுதி காய்ந்து, ஓரத்தில் மட்டும் பச்சை தெரியும். மண்ணும் மாட்டுக் குளம்பு பட்டு இறுகிப்போகும். அப்போது நல்ல மழைக்குப் பின் காட்டை உழுது, சோளமோ நரிப்பயறோ ஒரு போகம் எடுக்கிறார்கள். உழவில் பிரிந்த தூர்களும் மண்ணில் கிடந்த விதைகளும் அடுத்த மழையில் மறுபடி எழுகின்றன. தேவைப்பட்ட இடத்தில் மட்டும், முந்தைய ஆண்டு கையால் உருவிச் சேர்த்த விதையைத் தூவிவிட்டு, ஒரு பருவம் மாட்டை உள்ளே விடாமல் வேலிப் படலைச் சாத்திவைக்கிறார்கள்.