நனையக் கூடாத பவுடரைக் கணினி அறியுமா?

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். இந்த வட்டாரப் பட்டாசு ஆலைகளுக்கு அலுமினியப் பவுடர் இல்லாமல் வேலை ஓடாது. வெளிச்சம், பொறி, சத்தம் மூன்றிலும் அதற்குப் பங்குண்டு.

வேதிப்பொருள்களை அடையாளம் காண உலகெங்கும் வழங்கும் சி.ஏ.எஸ். எண் இதற்கு ஒன்றே ஒன்று: 7429-90-5. சரக்குப் போக்குவரத்துக்கான ஐ.நா. எண்களோ இரண்டு. பூச்சுள்ள பவுடர் 1309, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். பூச்சில்லாதது 1396, ஈரம் பட்டால் ஹைட்ரஜனை வெளியிடும் பொருள்.

ஆலை, வியாபாரி, லாரி நிறுவனம், பரிசோதனைக்கூடம் ஆகியவற்றின் கணினிகளை நடுவில் சர்வர் இல்லாமல் நேரடியாக இணைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பொருள்களைத் தன் போக்கில் வகைபிரித்திருக்கும். இந்த வகைபிரிப்பைக் கணினியியலார் ஆன்டாலஜி என்பார்கள். அண்டைக் கணினியின் எந்த வகை தன்னுடைய எந்த வகைக்கு ஈடு என்று ஒவ்வொரு கணினியும் பொருத்தம் எழுதி வைத்திருக்கும்.

'பூச்சில்லாத பவுடர் எங்கே இருக்கிறது?' என்று ஆலை கேட்கிறது. சி.ஏ.எஸ். எண் மட்டும் வைத்திருக்கும் வியாபாரியிடம் அது வெறும் 'அலுமினியப் பவுடர்' ஆகிறது. லாரி நிறுவனத்திடம் போகும்போது மென்பொருள் அதை 1309 என்று எடுத்துக்கொள்கிறது. பிழை நுழைந்துவிட்டது. தட்டிக்கேட்கத் தலைமைக் கணினியும் இல்லை.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள இ.பி.எஃப்.எல். நிறுவனத்தின் கார்ல் அபெரர், ஃபிலிப் குத்ரே-மோரூ, மன்ஃபிரெட் ஹவுஸ்விர்த் ஆகியோர் 2003இல் இதற்கொரு வழி சொன்னார்கள். கேள்வியை ஒரு வட்டம் சுற்றவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வரவழைத்துப் பார்ப்பது. 'பூச்சில்லாதது' என்று போனது 'பூச்சுள்ளது' என்று திரும்பினால் வட்டத்தில் எங்கோ பிழை.

எங்கே? அங்கேதான் சுவாரசியம். ஒரே பொருத்தம் பல வட்டங்களில் இடம்பெறும். ஆலை–வியாபாரி பொருத்தம் உள்ள மற்ற வட்டங்கள் சரியாக முடிந்தால், சந்தேகம் வியாபாரி–லாரி பொருத்தத்தின்மேல் குவியும். 2006இல் அபெரர், குத்ரே-மோரூ உள்ளிட்டோர் இதை நிகழ்தகவுக் கணக்காக வளர்த்தார்கள். அண்டைக் கணினிகள் தங்களுக்குள் சிறு செய்திகளைப் பரிமாறி, ஒவ்வொரு பொருத்தத்தையும் எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிட்டுக்கொள்ளும். நம்பிக்கை குறைந்த வழியில் அந்த வகைக் கேள்வி மட்டும் போகாது. எடையும் தேதியும் வழக்கம்போலப் போகலாம்.

இதிலும் ஓட்டை உண்டு. வியாபாரியிடம் தொலைந்த விவரத்தைப் பரிசோதனைக்கூடத்தின் கணினி ஊகித்து 'பூச்சில்லாதது' என்றே திருப்பி அனுப்பினால் வட்டம் சரியாக முடிந்ததுபோலத் தோன்றும். ஒரு பிழையை இன்னொன்று மூடிவிடும். பதிவேட்டில் இல்லாத தகவலை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. ஆகவே அலுமினியப் பவுடரைக் கையாளும் எல்லோரும் சி.ஏ.எஸ். எண்ணோடு ஐ.நா. எண்ணையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.